அந்தப் பிள்ளை உங்ககிட்ட வருதா?

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

சாய்தளத்தை எந்த அளவில் கட்ட வேண்டும், தேர்வில் யாருக்குக் கூடுதல் நேரம் உண்டு, பார்வையற்ற மாணவருக்காகத் தேர்வு எழுத வருகிறவர் என்ன படித்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். மறந்துபோனால் சுற்றறிக்கையைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். நான் ஓய்வு பெற்றவள். என்னிடம் இருந்த சுற்றறிக்கைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். என்னிடம் மிச்சமிருப்பது ஒரே ஒரு கேள்விதான். நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே யாராவது வந்து அதைக் கேட்பார்கள். முதல்வர் கேட்பார், விடுதிக் காப்பாளர் கேட்பார், சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் கேட்பார். சிரித்த முகத்தோடு, நல்ல எண்ணத்தோடுதான் கேட்பார்கள். "அந்தப் பிள்ளை உங்ககிட்ட வருதா?"

அதற்கு என்ன பதில் சொல்வது என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அவ்வளவு நேரம் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர் உதவி மையத்தை என் தலையில் கட்டியபோது நான் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆளாளுக்குத் தள்ளிவிட்ட பொறுப்பு அது. "நீங்கதான் மேடம் பொறுமையான ஆளு" என்றார் அன்றைய முதல்வர். என்னோடு ஒரு வாரம் பழகியவர்கள்கூட அப்படிச் சொல்லமாட்டார்கள். மையத்துக்குக் கொடுத்தது வேதியியல் துறையின் பழைய சாமான் அறை. வாசலில் முதலில் கட்டிய சாய்தளத்தில் நான் நடந்து ஏறினாலே மூச்சு வாங்கியது. சக்கர நாற்காலி எப்படி ஏறும்? சண்டை போட்டு இடித்துக் கட்ட வைத்தேன். இப்போது நீங்கள் பார்ப்பது இரண்டாவது. கதவுக்கு மேலே மஞ்சள் பெயிண்டில் மையத்தின் பெயரை எழுதினார்கள். எதிரே கேன்டீனில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரிகிற எழுத்து.

அந்தப் போர்டுதான் வினையாகப் போயிற்று. வெளியே தெரிகிற குறை உள்ள பிள்ளைகள் கூச்சமில்லாமல் வந்தார்கள். காலுக்குக் காலிப்பர் கம்பி போட்ட பையன்கள் என் அறையிலேயே மதியச் சோறு சாப்பிட்டுவிட்டு, அங்கேயே ஒரு தூக்கமும் போடுவார்கள். வெளியே தெரியாத குறை உள்ளவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முக்கியமாகப் பெண் பிள்ளைகள். அந்தக் கதவுக்குள் ஒரு தடவை நுழைந்தால் கேன்டீன் முழுக்கப் பார்க்கும். கேன்டீன் பார்த்தது சாயங்கால டவுன் பஸ்ஸில் ஊருக்குப் போய்விடும். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வருகிறபோது யாராவது ஒருவர் அதை எடுத்துப் போடுவார்.

கல்யாணப் பேச்சு என்றதும் நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இது தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர் பெண் படிக்கிற கல்லூரிக்கு வந்து விசாரித்துவிட்டுப் போவார். விசாரிக்க வந்தேன் என்று சொல்லமாட்டார். "குச்சனூர் கோயிலுக்கு வந்தேன், அப்படியே ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டுப் போவோம்னு" என்பார். சனீஸ்வரரைப் பார்க்க ஊரே சனிக்கிழமை போகும். இவர்கள் செவ்வாய், புதன் என்று வருவார்கள். வாசல் காவலரிலிருந்து துறைத்தலைவர் வரைக்கும் எல்லாரும் அவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பெண்ணைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவோம். பிள்ளைக்கு நல்ல இடம் அமையட்டும் என்கிற ஆசைதான்.

நானும் அப்படிச் சொன்னவள்தான். என் மையத்துக்கு வந்து, "அந்தப் பொண்ணு இங்கன எதுவும் வருதா டீச்சர்?" என்று இழுப்பவர்களிடம், "அதுவா? நம்ம பக்கம் வந்ததே இல்லையே" என்று பட்டென்று சொல்லிவிடுவேன். வராத பிள்ளையை வரவில்லை என்பதில் என்ன தப்பு? மையத்துக்கு வருகிற ஒரு பிள்ளையைப் பற்றி யாரும் வந்து கேட்டதில்லை. அதனால் நான் அதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

பவித்ரா என்கிற மாணவி வந்த பிறகுதான் யோசித்தேன்.

அவள் என் அறைக்கு வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். முதுகலை தாவரவியல் கடைசி வருடம், ஊர் காமயகவுண்டன்பட்டி என்றாள். "மேடம், உங்க ரூமுக்கு நான் வர மாட்டேன். இங்கன பேசலாமா?" என்று கேட்டாள். பேசலாம் என்றேன். என்னைச் சுற்றி வந்து, வெயில் என் முகத்தில் படும்படி எதிரே நின்றுகொண்டாள். என்ன இந்தப் பிள்ளை இப்படி நிற்கிறது என்று நினைத்தேன்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்கு இடது காது போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் கேட்கும், அதுவும் மிஷின் வைத்தால்தான். மிஷினை முடிக்குள் மறைத்துக்கொள்வாள். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து ஆசிரியரின் உதட்டைப் பார்த்தே இத்தனை வருடம் படித்து வந்திருக்கிறாள். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்ப்பாள். கூடப் படிப்பவர்களுக்குத் தெரியாது, ஆசிரியர்களுக்கும் தெரியாது. வீட்டில் மட்டும் தெரியும்.

"அடுத்த மாசம் வைவா மேடம். வெளிய இருந்து வர்றவுக எப்படிப் பேசுவாகன்னு தெரியல. மீசை பெருசா இருந்தாலே எனக்குப் பாதி போயிரும்."

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. ஒன்று வாங்கிவிட்டால் எல்லா உதவியும் முறைப்படி செய்யலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். வைவா முடிந்த வெள்ளிக்கிழமை கூடலூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம்.

"அப்பா காதப் பத்தி மூச்சுவிடக் கூடாதுன்னுட்டாக. திராட்சைப் பந்தல்ல செவட்டை நோவு விழுந்தா மருந்தடிப்பாக. இதுக்கு என்னத்த அடிக்கன்னு தெரியாம மறைச்சு வச்சிருக்காக. ஆனா நான் அந்தப் பையன்கிட்ட அன்னைக்கே சொல்லிருவேன் மேடம். அவரு வேணாம்னு போனாலும் பரவால்ல. ஆனா நான் சொல்லணும். அதுக்கு முந்தி வேற யாரு மூலமாச்சும் தெரிஞ்சா, மறைச்சிட்டாகன்னுதான பேசுவாக? அப்பறம் நான் என்ன சொன்னாலும் மாட்டிக்கிட்டதுக்கு அப்பறம் சொன்னதாத்தான ஆகும்?"

இதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் பயந்தது தன் காது வெளியே தெரிந்துவிடும் என்று இல்லை. அதை முதலில் சொல்கிற வாய் தன் வாயாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சரி ஆத்தா, என் மூலமாக ஒரு வார்த்தை வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்கிறபோது அது சுலபமான வாக்காகத்தான் தெரிந்தது.

வைவா என்கிற அந்த வாய்மொழித் தேர்வுக்கு வழி கண்டுபிடிப்பதில் எனக்குப் பெரிய கஷ்டம் இருக்கவில்லை. ஒருத்திக்கு மட்டும் செய்தால்தான் சான்றிதழ் வேண்டும், எல்லாருக்கும் செய்தால் எதுவும் வேண்டாம். தாவரவியல் துறைத்தலைவர் ஹனீபா சார் உத்தமபாளையத்துக்காரர், நறுக்கென்று பேசுவார். அவரிடம் போய், இந்த வருடம் எல்லா மாணவர்களுக்கும் கேள்வியைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள், தேர்வாளரை ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார வையுங்கள் என்றேன்.

"யாருக்கு வேணும்?" என்றார்.

"எல்லாருக்கும் சார்."

"எல்லாருக்கும்னு நீங்க சொன்னா ஒருத்தருக்குன்னு அர்த்தம்" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "அந்த ஒருத்தரு யாருன்னு நான் கேக்க மாட்டேன். நாற்காலிய மாத்திப் போடுறேன், போங்க" என்றார். இப்படி ஒரு துறைத்தலைவர் உங்களுக்கும் கிடைக்கட்டும்.

வைவாவுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை மதியம், கூடலூர்க்காரர் ஒருவர் என் அறைக்கு வந்தார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். கூடலூரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறார். வெள்ளை வேட்டி, கையில் குமுளி நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம். "குச்சனூருக்கு வந்தேன் டீச்சர்" என்று ஆரம்பித்தார். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை அல்லவா என்றேன். "சனிக்கிழமைன்னா கூட்டம் நெரியும்ல" என்றார். ஆள் லேசுப்பட்டவர் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

காமயகவுண்டன்பட்டி பவித்ராவைப் பற்றிக் கேட்டார். துறையில் விசாரித்தாராம், படிப்பில் கெட்டி என்றார்களாம். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே அங்கிருந்த பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தாராம்.

"அங்கன என்ன சொல்றாகன்னா, பின்னால இருந்து கூப்பிட்டா அந்தப் பொண்ணு திரும்பிக்கூடப் பாக்காதாம். ரொம்பத் திமிராம். ரெண்டு பேரு சொன்னாக டீச்சர்."

முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"எனக்கு என்னமோ திமிரு மாதிரித் தெரியல" என்று அவரே தொடர்ந்தார். "பிள்ளைய ஒரு தடவ கல்யாண வீட்ல தூரத்துல இருந்து பாத்திருக்கேன். அடக்கமாத்தான் இருந்துச்சு. அதான் ஒரு சந்தேகம். காது கீது எதுவும் மந்தமோன்னு. அந்தப் பிள்ளை உங்ககிட்ட வருதா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நல்லதுக்குத்தான் கேக்குறேன் டீச்சர். திமிருன்னா எங்க அக்கா வீட்டுக்கு ஆகாது, இன்னைக்கே முடிச்சு விட்ருவேன். காதுன்னா அது வேற. அது அந்தப் பிள்ளை தப்பு இல்லைல்ல. நான் எடுத்துச் சொல்லுவேன்."

பாருங்கள், எவ்வளவு நல்ல மனிதர். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆமாம், காதுதான், திமிர் இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையின் மேல் விழுந்த பழி அந்த நிமிடமே கழுவப்பட்டுவிடும். இதை மறைத்து அவளுக்கு நான் என்ன நல்லது செய்யப்போகிறேன் என்றுகூடத் தோன்றியது. இந்த வேலையில் பெரிய ஆபத்து கெட்டவர்களிடமிருந்து வருவதில்லை. இப்படிப்பட்ட நல்லவர்கள் நல்லதுக்காகக் கேட்கிறபோதுதான் நாம் வழுக்குகிறோம்.

சொல்லவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. அதற்குள் அவர் இன்னொன்றைப் போட்டார்.

"போன மாசம் எங்க சகலை வந்து வேற ஒரு பொண்ணப் பத்தி இதே மாதிரிக் கேட்டாராம்ல. 'நம்ம பக்கம் வந்ததே இல்ல'ன்னு பட்டுனு சொன்னீகளாம். இப்ப ஏன் டீச்சர் யோசிக்கிறீக?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வராத பிள்ளைகளைப் பற்றி இத்தனை வருடம் நான் உற்சாகமாக 'இல்லை' சொன்னதெல்லாம், வருகிற ஒரு பிள்ளையைப் பற்றிக் கேட்கிற நாளில் என் மௌனத்தையே 'ஆமாம்' ஆக்கிவிட்டது. வாசலில் மஞ்சள் பெயிண்டில் எழுதின போர்டு ஒன்று போதாதென்று, நானே இன்னொரு போர்டாக உட்கார்ந்திருக்கிறேன்.

பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். 'இல்லை' என்று ஒரு வார்த்தை. அவர் எழுந்து போய்விடுவார். ஆனால் வெள்ளிக்கிழமை அவள் உண்மையைச் சொல்வாள். அப்போது செவ்வாய்க்கிழமை கல்லூரி டீச்சரே பொய் சொன்னார், எல்லாரும் கூட்டுச் சேர்ந்து மறைத்தார்கள் என்று ஆகும். அவள் தானாகச் சொல்கிற உண்மையை என் பொய் கெடுத்துவிடும்.

"அண்ணே" என்றேன். "போன மாசம் உங்க சகலைக்கு நான் பதில் சொன்னதே தப்பு. ஒரு பிள்ள இங்க வந்தாலும் நான் சொல்லக் கூடாது, வராட்டியும் சொல்லக் கூடாது. இன்னையில இருந்து யாரு வந்து, எந்தப் பிள்ளையப் பத்திக் கேட்டாலும் இதான் பதில். நாளைக்கு உங்க வீட்டுப் பிள்ளையப் பத்தி யாரும் கேட்டாலும் இதேதான் சொல்லுவேன்."

அவர் சிப்ஸ் பொட்டலத்தை என் மேசையில் வைத்தார். "பின்ன நான் யாருகிட்டத்தான் கேக்குறது?"

"அந்தப் பிள்ளகிட்டயே கேளுங்க."

"பொண்ணுகிட்ட நேரா யாரு டீச்சர் கேப்பாக?" என்று சிரித்தார். எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். "சரி. நான் யோசிச்சுக்கிடுறேன்."

என்ன யோசிப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வைத்துவிட்டுப் போன சிப்ஸ் பொட்டலத்தைத் தொடவே எனக்கு மனசு வரவில்லை. காலிப்பர் பையன்கள் வந்து காலி செய்தார்கள்.

அடுத்த நாள் அவளுக்கு வைவா. இவர் வந்து போனதை இப்போது சொன்னால் பிள்ளை கலங்கிப்போவாள், முடிந்த பிறகு சொல்லலாம் என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் அவளைப் பற்றி ஒருவர் கேட்டார் என்பதை அவளிடமிருந்தே மறைப்பதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், கேன்டீனில் சொன்ன திமிர் உட்பட.

அவள் முகம் சிவந்துவிட்டது. "நீங்க இல்லன்னு சொல்லிருக்கலாம்ல மேடம்? ஒரு வார்த்த."

பொய் ஏன் சொல்லவில்லை என்று விளக்கப் பார்த்தேன். அவள் பாதியிலேயே நிறுத்தினாள். "உங்களுக்கு உங்க பேரு பெருசு. இன்னேரம் அவரு ஊருக்குப் போயி என்ன பேசிக்கிட்டு இருக்காகளோ."

காமயகவுண்டன்பட்டி பஸ் வந்தது. ஏறிவிட்டாள். கூப்பிட வாயெடுத்தேன், முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு நான் பட்ட துக்கத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. சரியாகத்தான் செய்தோம் என்று உள்ளுக்குள் தெரிந்தாலும் அது ஆறுதலாகவே இருக்காது. இந்த வேலையில் அந்த மாதிரி நாள்கள் வரும்.

மறுநாள் வைவாவுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வைவாவை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பதால் என்னை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவளுடைய வகுப்பு மாணவிகள் எல்லாரும் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் கூடலூர்ப் பெண்கள். தேர்வாளர் மதுரைப் பக்கமிருந்து வந்த பேராசிரியர். நல்லவேளையாக மீசை இல்லை. ஹனீபா சார் சொன்னபடியே நாற்காலியை ஜன்னலோரம் போட்டிருந்தார். முதல் மூன்று பேருக்கும் கேள்வி தாளிலேயே போயிற்று.

பவித்ராவின் ஆய்வு, திராட்சை இலையில் விழுகிற செவட்டை நோயைப் பற்றியது. அவளுடைய அப்பாவின் தோட்டத்திலிருந்தே நோய் விழுந்த பன்னீர் திராட்சை இலைகளைப் பறித்துக் கொண்டுவந்து தட்டில் வைத்திருந்தாள். அதுதான் வம்பாயிற்று. இலைகளைப் பார்த்ததும் தேர்வாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து மேசைக்குப் போனார். கேள்வித் தாளை மறந்துவிட்டார். ஓர் இலையைத் திருப்பி, அதன் அடிப்பக்கத்தைக் கண்ணருகில் வைத்துக்கொண்டு, குனிந்த தலையோடு கேள்வி கேட்டார்.

அவள் பேசாமல் நின்றாள். அவர் இன்னொரு தடவை கேட்டார், அதே மாதிரி குனிந்துகொண்டே. அவள் அப்போதும் பேசவில்லை. மாணவிகள் பக்கத்திலிருந்து மெல்லிய சிரிப்புச் சத்தம் வந்தது. "கேள்வி புரியலையா, தெரியலையா?" என்று அவர் இலையைப் பார்த்தே கேட்டார்.

ஹனீபா சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பாதி எழுந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சார் கொஞ்சம் நிமிர்ந்து கேளுங்கள் என்று. அது அவளைக் காட்டிக்கொடுக்கிற வார்த்தைகூட இல்லை. ஆனால் நான் எழுந்ததைப் பவித்ரா பார்த்துவிட்டாள். அவள் கண் என்னிடம், உட்காருங்கள் என்றது. உட்கார்ந்தேன். என் பணிக்காலத்தில் நான் செய்த கஷ்டமான காரியம் அந்த நாற்காலியில் திரும்ப உட்கார்ந்ததுதான்.

அவள் இரண்டு எட்டு வைத்து மேசைக்கு எதிர்ப்பக்கம் போய், தேர்வாளருக்கு நேராக நின்றாள். "சார், எனக்குக் காது சரியாக் கேக்காது" என்றாள். "நிமிந்து என்னப் பாத்துக் கேளுங்க."

சிரித்த பிள்ளைகள் அப்படியே அடங்கிப்போனார்கள். பேராசிரியருக்குக் கூச்சமாகிவிட்டது. நிமிர்ந்து, உரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக உடைத்து உடைத்துக் கேட்க ஆரம்பித்தார்.

"சத்தம் வேணாம் சார்" என்றாள். "மொகம் போதும்."

அதற்கப்புறம் அவள் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மழை விட்ட மறுநாள் பந்தலுக்குள் எப்படி இருக்கும், நோய் எந்த இலையில் முதலில் விழும், மருந்து அடித்தும் ஏன் திரும்ப வருகிறது என்று பொழிந்து தள்ளினாள். எனக்கு ஓர் எழவும் புரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததால் சரியாகப் பார்க்கவும் முடியவில்லை.

வெளியே வந்தவள் நேராக என்னிடம் வந்தாள். "கூடலூர்ப் பிள்ளைக ரெண்டு பேரும் உள்ள இருந்தாக, பாத்தீகளா மேடம்?"

பார்த்தேன் என்றேன். சாயங்காலப் பஸ்ஸில் விஷயம் ஊர் போய்ச் சேர்ந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாது.

"அந்த மாமா கடை எங்கன இருக்குன்னு தெரியுமா? நீங்க கூட வாரீகளா? எனக்காகப் பேச வேணாம். சும்மா நின்னாப் போதும்."

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். கைப்பேசியைக் காட்டினாள். அம்மா ஒரே வரியில் பதில் போட்டிருந்தார். போயிட்டு வா, அப்பாகிட்ட நான் பேசிக்கிடுறேன் என்று.

கூடலூர்ப் பஸ்ஸில் வழியெல்லாம் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. பஸ் குலுங்குகிறபோது உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது கஷ்டம் என்று அவள் முன்பே சொல்லியிருக்கிறாள். என் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. வாசலில் ஒரு ஜீப் நின்றது. அதன் ஓட்டுநரிடம் தாய்மாமன் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசி அனுப்பிவிட்டுத் திரும்பினார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த வியாபாரச் சிரிப்பு போய்விட்டது. "வாங்க டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் நாற்காலி எடுத்துப் போட்டார். கடைக்குள் ஒரே இருட்டு, மூட்டை மூட்டையாக ஏலக்காய்.

பவித்ரா உள்ளே போகவில்லை. "மாமா, கொஞ்சம் வெளிய வெளிச்சத்துக்கு வாங்க" என்றாள். "இருட்டுக்குள்ள நீங்க பேசுனா எனக்குத் தெரியாது. எனக்குக் காது கேக்காது. உதட்டப் பாத்தாத்தான் புரியும். வெள்ளிக்கிழமை சொல்லணும்னு இருந்தேன். இன்னைக்கே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். திமிரு எல்லாம் இல்ல."

அவர் மெதுவாக வெளியே வந்து, வெயிலில், அவளுக்கு எதிரே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நேத்தே நீங்க ஒரு வார்த்த சொல்லிருந்தா, பாவம் இந்தப் பிள்ள இம்புட்டுத் தூரம் வந்திருக்க வேணாமே டீச்சர்."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் உதட்டை அவள் படித்துவிட்டாள் போல.

"அவுக சொல்லிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன் மாமா" என்றாள்.

அவர் பக்கத்துக் கடையில் மூன்று டீ சொன்னார். டீ வந்ததும் முதல் கிளாஸை எடுத்து அவளிடம் கொடுத்து, அவள் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் காத்திருந்து, "சீனி போதுமா ஆத்தா?" என்று கேட்டார்.

அந்த வாரமே வாசலில் இருந்த போர்டைச் சுண்ணாம்பு அடித்து அழிக்க வைத்தேன். 'மாணவர் உதவி மையம்' என்று மட்டும் எழுதச் சொன்னேன். பஸ் பாஸுக்கும் விடுதிப் புகாருக்கும்கூட அங்கேதான் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். இப்போது அந்தக் கதவுக்குள் யார் எதற்கு நுழைகிறார்கள் என்று கேன்டீனுக்குத் தெரியாது. நீங்கள் பெயரை மாற்றி எழுத நினைத்தால் என்னைக் கூப்பிடுங்கள், நேரில் வந்து சண்டை போடுகிறேன்.

அந்தக் கேள்வி கட்டாயம் வரும். யாரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். வராத பிள்ளையைப் பற்றிக் கேட்கிற அன்றைக்கு அப்படிச் சொல்வதுதான் கஷ்டம். எதிரே இருப்பவர் முகம் சுருங்கும், உங்களைக் கர்வக்காரர் என்பார். பரவாயில்லை. அன்றைக்கு அதைச் சொல்லிப் பழகியிருந்தால்தான், வருகிற பிள்ளையைப் பற்றிக் கேட்கிற நாளில் அந்தப் பதிலுக்கு மதிப்பு இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தார்களா, கல்யாணம் நடந்ததா என்று இந்நேரம் உங்களுக்குக் கேட்கத் தோன்றியிருக்கும். எனக்குத் தெரியும். இதை எழுதுவதற்கு முன்னால் பவித்ராவிடம் கேட்டேன். "காதப் பத்தி எழுதுங்க மேடம், பேரையும் போடுங்க. கல்யாணத்தப் பத்தி வேணாம்" என்றாள். அவசியம் தெரிந்தாக வேண்டும் என்றால் நீங்களே போய்க் கேளுங்கள். உங்கள் கல்லூரியில் தாவரவியல் துறையில்தான் வேலை பார்க்கிறாள். வெளிச்சத்தில் நின்று கேளுங்கள்.